ஒப்பிக்கத் தெரிகிறது, வாசிக்கத் தெரியவில்லை: இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறோம். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். கணவர் மாட்டுத்தாவணி பூச்சந்தையில் வேலை பார்க்கிறார். மகள் ஆங்கில வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பாடத்தை மூச்சு விடாமல் சொல்கிறாள்; நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் விழிக்கிறாள். தமிழிலும் அப்படியே. பத்தாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கிறாள். பதினைந்தில் ஏழு போனால் எவ்வளவு என்று கேட்டால் விரல் போதாமல் நிற்கிறாள். நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். டியூஷனில் சேர்ப்பதா, நானே சொல்லித்தரலாமா?

பதில்:

நீங்களே சொல்லித்தரலாம். தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளையே எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருபவை. உங்கள் மகளுக்குக் காது கூர்மை, நினைவாற்றலும் நன்றாக இருக்கிறது. அந்த இரண்டையும் வைத்தே இதுவரை சமாளித்து வந்திருக்கிறாள். பேசத் தெரிந்ததும் கேட்கத் தெரிந்ததும் தாளில் இருக்கும் கோடுகளோடு இன்னும் ஒட்டவில்லை. அதை ஒட்டவைக்கும் வேலைக்குப் பெரிய படிப்பு தேவையில்லை, பொறுமையும் தினமும் ஒரு கால் மணி நேரமும் போதும்.

முதலில் அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று பாருங்கள். பாடத்தில் வரும் ஏழெட்டுச் சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, வரிசையை மாற்றிப் போட்டு, படம் இல்லாமல் காட்டுங்கள். எது வருகிறது, எது வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள், திட்ட வேண்டாம். ஒன்றாம் வகுப்பு எழுத்தே தடுமாறினால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழக அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துத்தான் சொல்லிக்கொடுக்கிறது. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் அரும்பில் இருக்கலாம்.

அடுத்து, எந்த மொழியில் தொடங்குவது? தமிழில். மொழிப் பற்றினால் இதைச் சொல்லவில்லை. வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கப்பட்டு வருவது என்று 1986-இல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். உங்கள் மகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், ஆகவே தமிழில் ஒரு குறைதான் பாக்கி. ஆங்கிலத்தில் இரண்டுமே பாக்கி. எழுத்தைப் பார்த்து ஒலியைக் கூட்டிச் சொல்லாக்கும் வித்தை ஒரு மொழியில் கைவந்தால் மற்ற மொழிக்கும் உதவும். பள்ளியின் ஆங்கில வீட்டுப்பாடம் ஒரு பக்கம் நடக்கட்டும், வீட்டு நேரத்தைத் தமிழுக்குக் கொடுங்கள்.

சுவரில் 247 எழுத்து அட்டை மாட்டி 'அ'விலிருந்து 'னௌ' வரை ஒப்பிக்கவைக்கும் முறை எனக்குப் பிடிப்பதில்லை. பிள்ளை அதையும் பாட்டாகப் பாடிவிடும், தனியாகக் கேட்டால் 'ஞ' எது, 'ங' எது என்று தெரியாது. அதற்குப் பதில் ப, ட, ம, ர, த, க என்று ஆறு எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்தால் ஒலி எப்படிச் சுருங்குகிறது என்று காட்டுங்கள். படம், மரம், தடம், பட்டம், பக்கம், மட்டம் என்று அன்றைக்கே அரை டஜன் சொற்களை வாசித்துவிடுவாள். வாசித்துவிட்டோம் என்ற அந்த ருசிதான் மறுநாள் அவளைத் தானாக வந்து உட்கார வைக்கும். பிறகு துணைக்கால்: படம், பாடம், மரம், மாதம். ஒரே குறியை எல்லா மெய்யிலும் ஓட்டிப் பார்ப்பது, ஒரே மெய்யின் பன்னிரண்டு உருவத்தையும் வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட எளிது.

தமிழ் எழுத்தில் பிள்ளைகள் வழக்கமாக இடறும் இடங்கள் சில உண்டு. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கெ' என்பதை இடமிருந்து வலமாகப் பார்க்கும் குழந்தை முதலில் கொம்பைப் பார்த்துத் திகைப்பது நியாயம்தான். 'கொ'வில் இரண்டு பக்கமும் குறி. உகர வரிசைக்கு ஒரே ஒழுங்கு கிடையாது: கு, சு, டு, து என்று குறியின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். இந்த வரிசைகளைக் கடைசியில் வையுங்கள், அவற்றுக்குக் கூடுதல் நாள் கொடுங்கள். இன்னொன்று, 'க' என்ற ஒரே எழுத்து 'கல்'லில் ஒரு மாதிரியும் 'தங்க'த்தில் ஒரு மாதிரியும் 'பக'லில் ஒரு மாதிரியும் ஒலிக்கிறது. 'பகல்' என்பதைக் கல்லில் வரும் 'க' போல அழுத்தி வாசித்தால் தவறு என்று அடிக்காதீர்கள். தெரிந்த சொல்லாக இருந்தால் இரண்டாம் தடவை அவளே திருத்திக்கொள்வாள்.

ன, ண குழப்பத்துக்கு உங்கள் பகுதியிலேயே பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. வில்லாபுரத்தில் நின்றால் அவனியாபுரம் போகும் பஸ் வருகிறது. அப்பா வேலைக்குப் போகும் இடம் மாட்டுத்தாவணி. இரண்டு பெயரிலும் வகரத்துக்கு அடுத்த எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் 'னி', ஒன்றில் 'ணி'. நாக்கு எங்கே போய்த் தொடுகிறது என்று அவளையே சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். திருப்பரங்குன்றம் பஸ் கிடைத்தால் இன்னும் விசேஷம். அந்தப் பெயரில் பத்து எழுத்து, ர-வும் ற-வும் இரண்டும் உண்டு, நாலு மெய் புள்ளி வைத்து நிற்கின்றன. கோயிலுக்குப் போகும்போது ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று உள்ளிருந்து வெளியே பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடக்கலாம். ஒரு சதுரத்துக்கு வெளியே இன்னொரு சதுரம் என்று வடிவியலும் கொஞ்சம் கிடைக்கும். பலகை படிப்பது மட்டும் வாசிப்பு ஆகிவிடாது, ஆனால் எழுத்து என்பது பள்ளிக்கூடத்துப் பொருள் மட்டுமல்ல என்று குழந்தைக்குப் புரிந்துவிடும்.

பேச்சுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் உள்ள இடைவெளியைப் பெரும்பாலான பெற்றோர் கவனிப்பதில்லை. உங்கள் மகள் வீட்டில் 'நாய் ஓடுச்சு' என்பாள், புத்தகம் 'நாய் ஓடியது' என்கிறது. எழுத்தைக் கூட்டி 'ஓ-டி-ய-து' என்று சரியாகவே வாசித்துவிட்டு, அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று தெரியாமல் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். இதற்கு ஒரே மருந்து, புத்தகத் தமிழ் அவள் காதில் விழுந்துகொண்டே இருப்பது. அதனால் தினமும் நீங்கள் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவள் வாசிக்கும் பயிற்சி வேறு, நீங்கள் வாசித்துக் காட்டுவது வேறு. இரண்டும் வேண்டும், ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல.

வாசித்துக் காட்டும்போது கடகடவென்று முடித்துவிடாதீர்கள். சொல்லின் அடியில் விரலை ஓட்டுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் நிறுத்தி, 'அடுத்து அந்தக் காக்கா என்ன செய்யும்?' என்று கேளுங்கள். அவள் பேச்சுத் தமிழிலேயே பதில் சொல்லட்டும். அந்தப் பதிலோடு ஒரு சொல்லைச் சேர்த்து நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். 'பறந்திரும்' என்றால், 'ஆமாம், பயந்து போய்ப் பறந்துவிடும்' என்று. பாடம் நடத்தும் தொனி வேண்டாம். அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். இந்த வயதில் திரும்பக் கேட்பதுதான் கற்பது.

அவள் வாசிக்கும்போது ஒரு சொல்லில் நின்றால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். சில விநாடி பொறுங்கள். பிறகு முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கள். அப்போதும் வராவிட்டால் சொல்லைப் பாதியாக மறைத்து, முன்பாதி, பின்பாதி என்று வாசிக்கச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து ஊகித்தால், 'சரிதான், அது எந்த எழுத்தில் இருக்கிறது, காட்டு' என்று கேளுங்கள். உங்கள் மகளைப் போன்ற நினைவாற்றல் உள்ள பிள்ளைகள் ஊகத்திலேயே காலம் தள்ளிவிடுவார்கள். ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு சொல்லுக்கு மேல் தடுமாறினால் புத்தகம் கடினம், குழந்தை மக்கு அல்ல. எளிய புத்தகத்துக்கு மாறுங்கள்.

புத்தகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை கூட்டிப்போய்ப் பாருங்கள், அவளாகவே புத்தகம் எடுத்துப் புரட்டட்டும், அதட்ட வேண்டாம். கைபேசியில் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலைக் கதைகளில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும், உங்களுக்கு அதுதான் தேவை. அரசுப் பள்ளியில் படிக்கும் உறவுக்காரப் பிள்ளைகள் இருந்தால் 'நுழை, நட, ஓடு, பற' என்று வகைப்படுத்திய வாசிப்பு இயக்கப் புத்தகங்களை அவர்கள் பள்ளியில் விசாரிக்கச் சொல்லுங்கள். சின்ன, நல்ல புத்தகங்கள்.

ஆங்கிலத்துக்கு இப்போதைக்கு ஒன்றே ஒன்று. 'சி-ஏ-டி, கேட்' என்று எழுத்தின் பெயரைப் பாடுவதால் வாசிப்பு வராது. சி, ஏ, டி மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'கேட்' பிறக்காது. அந்த எழுத்து என்ன ஒலி எழுப்புகிறது என்பதைத்தான் பழக வேண்டும். எழுத்து 26, ஒலி ஏறத்தாழ 44. அதனால் அங்கே தடுமாற்றம் அதிகம், காலமும் அதிகம் ஆகும். உங்களுக்கு உச்சரிப்பு நிச்சயமில்லை என்றால் பள்ளி ஆசிரியரிடம் ஒலிகளைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

இனி கணக்கு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி 2025-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் இத்தனை கிராம், இத்தனை ரூபாய், மீதி இத்தனை என்று மனக்கணக்காகவே சரியாகச் சொல்கிறார்கள். அதே அளவு கணக்கைப் பள்ளிக்கூடத்து முறையில் தாளில் கொடுத்தால் பெரும்பாலோருக்கு வரவில்லை. சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகளோ நேர்மாறு: தாளில் ஓரளவு போடுகிறார்கள், சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். மதுரையில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடம் நான் பார்த்துப் பழகியதும் இதுதான். கல்லாவில் உட்கார்ந்து சரியாகச் சில்லறை கொடுக்கும் பையன் நோட்டில் கடன் வாங்கும் கழித்தலைக் கண்டால் முழிப்பான். வாழ்க்கைக் கணக்கு தானாகப் போய் நோட்டில் உட்காராது, யாராவது உட்காரவைக்க வேண்டும். அதைத்தான் உங்களைச் செய்யச் சொல்கிறேன்.

உங்கள் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பைவிட நல்ல கருவி உங்கள் வீட்டில் இல்லை. பழைய டேப் ஒன்றை அவள் கண் உயரத்தில் சுவரில் படுக்கைவாட்டில் ஒட்டிவிடுங்கள். சென்டிமீட்டர் பக்கம் தெரியட்டும். இஞ்ச் பக்கம் அரை, கால் கோடுகள் குழப்பும். 15-இல் விரலை வைத்து ஏழு எண் பின்னால் போகச் சொல்லுங்கள். முதலில் ஒவ்வொன்றாகப் போவாள். சில நாள் கழித்து, 'முதலில் பத்துக்கு வந்துவிடு, எத்தனை போயிற்று? ஐந்து. இன்னும் எத்தனை பாக்கி? இரண்டு' என்று காட்டுங்கள். பத்தில் நின்று இரண்டு பின்னால் போனால் எட்டு. அவள் வாயால் 'எட்டு' என்று சொன்ன பிறகு, அந்த இடத்திலேயே ஒரு தாளில் 15 − 7 = 8 என்று எழுதவையுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பத்துக்கு வந்து தாண்டும் இந்த வித்தைக்கு, பத்தை உடைக்கத் தெரிய வேண்டும்: 7-க்கு 3, 8-க்கு 2, 6-க்கு 4. பத்துப் புளியங்கொட்டையை ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை வைத்து, சிலவற்றைக் கையால் மூடி, 'எத்தனை ஒளிந்திருக்கிறது?' என்று கேளுங்கள். இரண்டு வாரம் விளையாட்டாகச் செய்தால் விரல் விடுவது பாதியாகக் குறையும். விரல் விடுவதைத் தடுக்காதீர்கள், தேவை தீர்ந்தால் தானாக விட்டுவிடுவாள்.

பாட்டி வீட்டில் பல்லாங்குழிக் கட்டை இருந்தால் எடுத்துவாருங்கள். 14 குழி, குழிக்கு ஐந்து காய் என்றால் மொத்தம் 70. இதை அவளையே ஐந்தைந்தாக எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள், ஐந்தாம் வாய்ப்பாடு எதற்கு என்று அப்போதுதான் தெரியும். குழியில் நாலு சேர்ந்தால் பசு என்று எடுப்பதால், எண்ணாமலே பார்த்தவுடன் நாலு என்று அறியும் பழக்கமும் வருகிறது. பரமபதம் அல்லது பாம்புக் கட்டம் விளையாடும்போது ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். 37-இல் நின்று நாலு விழுந்தால், 'ஒன்று, இரண்டு, மூன்று, நாலு' என்று நகர்த்தாமல், '38, 39, 40, 41' என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். நூறு எண் கொண்ட பலகையில் இப்படி விளையாடிய பிள்ளைகளுக்குத்தான் எண்ணறிவு நன்றாக வளர்ந்தது, ஒன்றிலிருந்து எண்ணியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை என்று லாஸ்கி, சீக்லர் என்ற ஆய்வாளர்கள் 2014-இல் காட்டியிருக்கிறார்கள். விளையாட்டு அதேதான், மாறுவது வாயில் வரும் எண் மட்டும்தான்.

இட மதிப்புக்கு ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும் போதும். பத்துக் குச்சி ஒரு கட்டு. 34 என்றால் மூன்று கட்டு, நாலு உதிரி. அதில் 8 எடுக்க வேண்டும் என்றால் ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும்; 'கடன் வாங்குவது' என்று பள்ளியில் சொல்வது இந்தப் பிரிப்பதைத்தான் என்று கையால் உணரட்டும். ஆங்கில வழிப் பிள்ளைகள் 13-ஐயும் 30-ஐயும் குழப்புவது சகஜம், அங்கே ஒலி அப்படி. பதின்மூன்று, முப்பது என்று தமிழில் கேளுங்கள், பத்தும் மூன்றும், மூன்று பத்தும் தனித்தனியே காதில் விழும். தமிழிலும் ஒரு பள்ளம் இருக்கிறது: எண்பத்தொன்பதுக்குப் பிறகு தொண்ணூறு, அதில் 'நூறு' கேட்பதால் சிலர் நூறைத் தாண்டிவிட்டதாக நினைப்பார்கள். கட்டைக் காட்டிவிட்டால் தீர்ந்தது.

வாய்ப்பாடு ஒப்பிப்பதை நான் குறை சொல்லவில்லை, அது வேண்டும். ஆனால் பொருள் தெரிந்து வேண்டும். ஒரு பிளவுஸுக்கு ஆறு ஹூக்; நாலு பிளவுஸுக்கு எத்தனை எடுத்துவைக்க வேண்டும் என்று அவளிடமே கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். அப்பா வீட்டுக்குப் பூ கொண்டுவரும் நாளில் முழம் என்ன விலை, மூன்று முழம் எவ்வளவு, நூறு ரூபாய் கொடுத்தால் மீதி என்ன என்று கேட்கட்டும். கேட்டுவிட்டு நோட்டில் ஒரு வரி.

ஒரு வேண்டுகோள். 'எனக்கே கணக்கு வராது, இவளுக்கு எங்கே வரும்' என்று அவள் முன்னால் சொல்லாதீர்கள். கணக்கைக் கண்டு பதறும் பெற்றோர் வீட்டுப்பாடத்துக்கு அடிக்கடி உதவினால், அந்த ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கணக்குக் கற்கிறார்கள், பயமும் அவர்களுக்குத் தொற்றுகிறது என்று 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. பத்தாம் வகுப்பு வரை படித்து, தினமும் அளவெடுத்துத் துணி வெட்டும் உங்களுக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது? உடம்பு அளவைப் பாதியாக்கி, தையலுக்கு விட்டு, கோடு போடுகிறீர்களே. அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், போதும்.

டியூஷன் விஷயம். இருபது பிள்ளைகளை உட்காரவைத்து வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்பும் டியூஷன் உங்கள் மகளுக்குப் பயன்படாது. அவளுக்கு வீட்டுப்பாடம் எழுதத் தெரிகிறது, அதுதானே பிரச்சினையை இத்தனை நாள் மறைத்திருக்கிறது. பக்கத்தில் யாராவது அவளைத் தனியாக உட்காரவைத்து எழுத்தையும் எண்ணையும் அடியிலிருந்து பார்ப்பார்கள் என்றால் அனுப்பலாம். சேர்க்கும் முன் ஒரு நாள் போய் வாசலில் நின்று கவனியுங்கள். பத்துத் தடவை இம்போசிஷன் எழுதவைக்கும் இடமாக இருந்தால் அந்தக் காசுக்குப் பழம் வாங்கிக் கொடுங்கள்.

நேரம் எப்போது என்றால், தூக்கம் வருவதற்கு முன்பு. உங்களுக்குத் தையல் வேலை நெருக்கும் முகூர்த்த மாதங்களில் கால் மணி நேரம் கிடைக்காமல் போகும். அந்த நாள்களில் வாசித்துக் காட்டுவதை மட்டும் விடாதீர்கள், அப்பாவையும் செய்யச் சொல்லுங்கள். பூச்சந்தைக்கு விடியும் முன் போகிறவர் பகலில் வீட்டில் இருப்பார் என்றால் மாலையில் அவர் முறை வைத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாம் தொடங்கும் முன் கண்ணையும் காதையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதை ஏழு வயதுப் பிள்ளை சொல்லாது, எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளும். மதுரையில் இருப்பவர்களுக்குக் கண் பரிசோதனைக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. b, d என்ற ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போடுவது இந்த வயதில் சாதாரணம், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் ஐந்தாறு மாதம் விடாமல் செய்தும் ஐம்பது எழுத்துகூட நிலைக்கவில்லை, நேற்று வாசித்த மூன்றெழுத்துச் சொல் இன்று புதிதாகத் தெரிகிறது என்றால், அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அடித்தாலோ கெஞ்சினாலோ அது மாறாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை அங்கீகரித்திருக்கிறது, அதற்கென்று தனிப் பயிற்சி முறைகளும் இருக்கின்றன. பள்ளியில் சிறப்பாசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் குழந்தை நல மருத்துவரிடம் தொடங்குங்கள். துண்டுச் சீட்டில் குறித்துவைத்த விவரத்தையும், எந்தத் தேதியில் எந்த எழுத்து வந்தது, எது மறந்தது என்ற கணக்கையும் கையோடு கொண்டுபோங்கள். மதிப்பெண் அட்டையைவிட அது அவருக்கு அதிகம் சொல்லும்.